முதுகுவலி என்று வந்த ரத்தப் புற்று

கிழக்கேகோட்டையில் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடையே எக்ஸ்ரே உறையும் கையுமாகத் தமிழ் முகங்கள் பல உண்டு. 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி. எனும் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள்.

எங்கள் ஆபீஸ் நண்பரும் அப்படித்தான் போனார். முதலில் வெறும் முதுகுவலி. "நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்தால் வலிக்காதா?" என்று தைலம் வாங்கிக் கொடுத்தவன் நான். எட்டு மாதம் தேய்த்தார். முகம் வெளுத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தமும் எலும்பு மஜ்ஜையும் பரிசோதித்த பின்னரே 'மல்டிபிள் மைலோமா' என்று தெரிந்தது. மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் புற்று இது. எலும்பை அரிக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். 1845-ல் லண்டனில் இதன் தடயப் புரதம் ஒரு மளிகை வியாபாரியின் சிறுநீரில் அகப்பட்டது. அவரும் எலும்பு வலி என்று வந்தவர்தான்.

ரத்தப் புற்றுகள் இப்படி வேஷம் போடுவதுண்டு. சில வகை லுகீமியா ஈறு வீக்கமாக வந்து ஆளைப் பல் டாக்டரிடம் அனுப்பும். நாள்பட்ட மைலாய்ட் லுகீமியாவில் மண்ணீரல் பெருத்து, நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பிவிடும். நாம் அஜீரணம் என்று சோடா குடிப்போம். இதற்கு 2001 முதல் மாத்திரையே இருக்கிறது.

முதுகுவலியெல்லாம் புற்றல்ல. ஆனால் வாரக்கணக்கில் விடாத வலியோடு சோகையும் சேர்ந்தால், தைலத்தை வைத்துவிட்டு டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்.

நண்பருக்குச் சிகிச்சை நடக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுப்பது இப்போது என் வேலை.