தாத்தா முடி வெட்டிக்கொண்ட நாள்

தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தாத்தா தமது பழைய படம் ஒன்றைக் காட்டினார். 1974ஆம் ஆண்டு எடுத்தது. அப்போது அவருக்கு வயது 20, இப்போது எனக்கு இருப்பதுபோல. சட்டைக் காலரைத் தாண்டித் தொங்கும் முடி, மடியில் கிட்டார். காலையில் தேவாரம் கேட்கும் தாத்தாவா இவர் என்று திகைத்தேன்.

1960களில் சிங்கப்பூரில் ‘தி ஸ்ட்ரேடாக்ஸ்’ என்ற இசைக்குழு இருந்தது. பிரிட்டிஷ் குழுக்களின் பாணியில் புளூஸ் கலந்த ராக் இசையை வாசித்தவர்கள் அவர்கள். அக்குழுவின் கிட்டார் கலைஞர்களில் ஒருவர் ஜிம்மி அப்புத்துரை. “அங்கே நம்ம பேர் ஒண்ணு இருந்ததே எங்களுக்குப் பெருமை,” என்றார் தாத்தா.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ‘எட்கர் பிராட்டன் பேண்ட்’ போன்ற குழுக்கள் மேடையிலேயே அரசியல் பேசின. இங்கோ முடியே அரசியலானது. நீண்ட முடி, ஹிப்பிக் கலாசாரத்தையும் போதைப்பொருளையும் இளையர்களிடம் கொண்டுவரும் என்று அரசாங்கம் அஞ்சியது. நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மறைத்தால், காலருக்குக் கீழே இறங்கினால் அது ‘நீண்ட முடி’. 1972ல் ‘லெட் செப்பலின்’ குழுவால்கூட இங்கு இசை நிகழ்ச்சி நடத்த முடியவில்லை.

வேலைக்கான ஆவணம் ஒன்றுக்காகத் தாத்தா ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வேலை முடிந்து கிளம்ப, அவர் மட்டும் காத்திருந்தார். மறுநாள் சிராங்கூன் சாலை முடிதிருத்தகத்தில் உட்கார்ந்துவிட்டார். சில மாதங்களில் கிட்டாரையும் விற்றுவிட்டார்.

“கிட்டாரை விக்கச் சொல்லி யாரும் சொல்லலையே தாத்தா?”

“சொல்லலைதான். முடி போனதும் அதைக் கையில எடுக்கவே கூச்சமா இருந்துச்சு.”

சென்ற மாதம் வேலைப்பயிற்சி நேர்காணலுக்கு முதல்நாள் இரவு, என் கூந்தலின் நீலச் சாயத்தின்மேல் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டேன். இன்று எந்தச் சுவரிலும் அப்படியோர் அறிவிப்பு இல்லை. நேர்காணலில் முடியைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

இதைச் சொன்னதும் தாத்தா என் தலையை உற்றுப் பார்த்தார்.

“உன்னை யாரும்மா மாத்தச் சொன்னா?”

பதில் தெரியாமல், ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தேன்.