கபடி விதிகள்: மூச்சும் முப்பது விநாடியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வடகரை போன்ற ஊர்களில், பொங்கலையொட்டிக் கபடிப் போட்டி நடத்துவது நெடுநாள் வழக்கம். மண் தரையில் சுண்ணாம்புக் கோடு, கம்பங்களில் கட்டிய விளக்குகள், ஒலிபெருக்கியில் ஓயாத வர்ணனை. சுற்றி நிற்கும் கூட்டத்தில் இன்று இரு தலைமுறையினரைக் காணலாம். ஒரே மூச்சில் பாடித் திரும்புவதுதான் சடுகுடு என்பார்கள் முதியவர்கள். முப்பது விநாடி முடிந்துவிட்டது என்று நடுவரை நோக்கிக் குரல் எழுப்புவார்கள் இளைஞர்கள்.

இந்த இரு குரல்களுக்கும் நடுவில் இருப்பது உலகம் முழுவதும் எழுப்பப்படும் ஒரு கேள்வி: பார்வையாளர்களை ஈர்ப்பதற்காக ஒரு விளையாட்டின் விதிகளை மாற்றலாமா?

கபடியைப் போலவே ஆளைப் பிடித்து மடக்கும் ஆட்டமான ரக்பி, இந்தக் கேள்வியோடு நூறாண்டுகளுக்கும் மேலாகப் போராடி வருகிறது. இங்கிலாந்தின் வடபகுதி அணிகள், வேலையிழப்புக்கு ஈடாக வீரர்களுக்குப் பணம் தருவது குறித்த பூசலில் 1895-இல் தனியே பிரிந்தன. கட்டணம் கொடுத்து வரும் கூட்டத்தை நம்பி வாழவேண்டிய அவ்வணிகள், ஆட்டத்தை விரைவாக்க 1906-இல் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைப் பதினைந்திலிருந்து பதின்மூன்றாகக் குறைத்தன. இவ்வாறு ஒரே விளையாட்டு இரண்டானது. பழைய மரபைப் பேணிய ரக்பி யூனியனும் மாறாமல் இருந்துவிடவில்லை. பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சென்று தரையில் பதிக்கும் 'டிரை'க்கான மதிப்பு 1971-இல் மூன்று புள்ளியிலிருந்து நான்காகவும், 1992-இல் ஐந்தாகவும் உயர்த்தப்பட்டது. பந்தை உதைத்துப் புள்ளி சேர்ப்பதைவிட, ஏந்தி ஓடுவதற்கு அணிகளை ஊக்குவிப்பதே அதன் நோக்கம்.

கபடியின் விதிகளும் என்றென்றைக்குமாக எழுதப்பட்டவை அல்ல. சஞ்சீவனி, காமினி, அமர் என அதற்குப் பல வடிவங்கள் இருந்தன. ஆட்டமிழந்தவர், எதிரணியில் ஒருவர் வெளியேறும்போது மீண்டும் களத்துக்கு வரலாம் என்பது சஞ்சீவனி. தன் அணி முழுவதும் ஆட்டமிழக்கும்வரை வரக்கூடாது என்பது காமினி. தொடப்பட்டவர் களத்திலேயே நீடிக்க, புள்ளி மட்டும் எழுதப்படுவது அமர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது காட்சி ஆட்டமாக உலகின் முன் வந்த கபடிக்கு, 1950-இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்க விளையாட்டாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்ட ஆட்டத்தைப் பொது விதிக்குள் கொண்டுவந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

அடுத்த பெரும் மாற்றம் 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கால் நேர்ந்தது. ரைடுக்கு முப்பது விநாடி என்ற கடிகாரம் தொலைக்காட்சித் திரையில் ஓடத் தொடங்கியது. தொடர்ந்து இரண்டு ரைடுகள் வெறுங்கையோடு முடிந்தால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் ரைடர் வெளியேற வேண்டும். மூவரோ அதற்கும் குறைவானவர்களோ களத்தில் நிற்கும்போது ரைடரை மடக்கினால் கூடுதலாக ஒரு புள்ளி.

இவ்விதிகள் தொலைக்காட்சிக்காக வந்தவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அவை ஆட்டத்தின் உண்மையான குறைகளுக்கும் மருந்தாயின. முன்னிலை பெற்ற அணி, நடுக்கோட்டுக்கு அருகிலேயே பாடிப் பொழுதைக் கடத்துவது பழைய ஆட்டத்தின் நோய். மூன்றாவது ரைடு விதி அதைக் கட்டுப்படுத்தியது. எண்ணிக்கையில் குறைந்த அணி மீண்டெழச் சூப்பர் டேக்கிள் வாய்ப்பளித்தது. பார்வையாளருக்குச் சலிப்பூட்டிய அதே செயல், துணிந்து ஆடும் வீரருக்கும் அநீதியாகத்தான் இருந்தது. இருவரின் நலனும் ஒன்றுபட்ட இடத்தில் மாற்றம் வெற்றி பெற்றது.

எல்லா மாற்றங்களும் அத்தகையவை அல்ல. 2025-ஆம் ஆண்டு லீக்கில், லீக் சுற்று ஆட்டங்கள் சமநிலையில் முடிவதே ஒழிக்கப்பட்டது. சமநிலை ஏற்பட்டால் அணிக்கு ஐந்து ரைடுகள், அதிலும் முடிவு எட்டப்படாவிட்டால் 'கோல்டன் ரைடு'. பரபரப்புக்குக் குறைவில்லை. ஆனால், நாற்பது நிமிடம் சமமாகப் போராடிய இரு அணிகளுக்கு ஆளுக்குப் பாதிப் பங்கு கொடுப்பதில் என்ன குறை? நாக்-அவுட் சுற்றில் முடிவு கட்டாயம். லீக் சுற்றில் அப்படியொரு கட்டாயம் ஆட்டத்துக்கு இல்லை, ஒளிபரப்புக்குத்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே ஆட்டத்துக்கு இரு விதிகள் உண்டாவது. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் இறுதியாட்டத்தில், இந்தியாவும் ஈரானும் 28-28 எனச் சமநிலையில் இருந்தபோது இந்தியாவின் பவன் ஷெராவத் ரைடு சென்றார். யாரையும் தொடாமலேயே அவர் பக்கவாட்டு லாபியில் கால் வைத்தார். அவரைத் துரத்திய ஈரான் வீரர்களும் அங்கே நுழைந்தனர். பழைய விதிப்படி துரத்தியவர்களும் ஆட்டமிழந்தவர்கள். லீக்கில் பழகிய புதிய விதிப்படி அப்படியில்லை. எந்த விதி செல்லும் என்ற சர்ச்சையில் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33-29 என்று வென்று தங்கம் பெற்றது. ஆனால், உலகம் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் கபடிக்குப் பெருமை சேர்க்கவில்லை.

ஆசியக் களத்திலேயே இந்தக் குழப்பமென்றால், கிராமத்துக் களத்தின் நிலை என்ன? தென்மாவட்ட இளைஞர்களுக்குக் கபடி பொழுதுபோக்கு மட்டுமல்ல; விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை, ரயில்வே போன்ற அரசுப் பணிகளுக்குச் செல்லும் வழியுமாகும். தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்டு, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்றவர் மணத்தி கணேசன். அவரைப் போல் வரத் துடிக்கும் இளைஞர், ஊரில் மண்ணில் ஒரு விதியில் பழகி, தேர்வுக் களத்தில் செயற்கை விரிப்பின்மேல் வேறொரு விதியைச் சந்தித்தால், இழப்பது ஒரு புள்ளியை மட்டும் அன்று. சில நேரம் வாழ்க்கை வாய்ப்பையே.

ஆகவே, விதிகள் மாறலாம். மூன்று வரம்புகளுக்கு உட்பட்டு மாற வேண்டும். முதலாவது, மாற்றம் ஆட்டத்தின் குறையைக் களைவதாக இருக்க வேண்டும். செயற்கையான பரபரப்பைத் திணிப்பதாக இருக்கக்கூடாது. இரண்டாவது, லீக், கூட்டமைப்பு, பன்னாட்டு அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே விதி நூலைப் பின்பற்ற வேண்டும். வீரர்களையும் பயிற்சியாளர்களையும் கலந்தாலோசித்து, பெரும்போட்டிகளுக்கு முன்பே அது முடிவாக வேண்டும். மூன்றாவது, அந்நூல் தமிழில் எளிய வடிவில் அச்சாகி, மாவட்டக் கழகங்கள் வழியே பள்ளிகளையும் ஊர்க் குழுக்களையும் அடைய வேண்டும். உள்ளூர் நடுவர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தரப்பட வேண்டும்.

வடகரையின் மண் களத்துக்கு மின்னணுக் கடிகாரம் வராமல் போகலாம். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தே முப்பதை எண்ணலாம். அந்த முப்பது விநாடிக்குள்ளும் 'கபடி, கபடி' என்ற பாட்டு விடாமல் ஒலிக்க வேண்டும் என்பது இன்றும் விதியே. அரங்கின் இரைச்சலில் கேட்காமல் போகும் அந்தப் பாட்டை நடுவர்கள் கண்டிப்போடு காதுகொடுத்துக் கேட்டால், முதியவர்களின் மூச்சுக்கும் இளைஞர்களின் கடிகாரத்துக்கும் ஒரே களத்தில் இடமிருக்கும்.