நெசவாளர் இல்லத்துச் சிசுவின் நித்திரை

பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணியில் தறியும் தூளியும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் இருப்பவை. ஆடவர் குழித்தறியில் அமர்ந்து நெய்ய, பெண்டிர் தார் சுற்றுவதும், பாவு பிணைக்க உதவுவதும், பல இல்லங்களில் தாமே தறியில் அமர்வதும் வழக்கமாகும். கூலியோ சேலைக் கணக்கில் கிடைப்பது. இரவில் சிசு உறங்காவிடில் தாய் உறங்குவதில்லை; தாய் உறங்காவிடில் மறுநாள் இழை அறுவதும், புட்டா பிசகுவதும், சேலை முடியும் நாள் தள்ளிப்போவதும் நேரிடும். ஆகவே சிசுவின் நித்திரை தாய்க்கு மாத்திரம் உரிய விஷயமன்று. குடும்பத்தின் வருவாயையும் சங்கத்தின் உற்பத்தியையும் தொடும் விஷயமாகும்.

பிறந்த சிசு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்குகிறது. ஆயினும் அவ்வுறக்கம் துண்டு துண்டாகவே அமைகிறது. அதன் இரைப்பை சிறியது; தாய்ப்பாலோ விரைவில் சீரணிப்பது. ஆதலின் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அது பாலுக்கு விழித்தெழுவது இயற்கையே. மேலும், அதன் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி, மூடிய இமைக்குள் விழி அசைந்துகொண்டிருக்கும் மெல்லுறக்கமாகும். இவ்வகை உறக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி 1953-இல் அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலையில் வெளியாயிற்று. அவ்வேளையில் சிசு முகஞ் சுளிக்கும், கைகால் உதறும், முனகும். அது விழித்துவிட்டதெனக் கருதி உடனே வாரியெடுப்பதால், உறங்கும் சிசுவை நாமே எழுப்பிவிடுகிறோம். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது தானே மீண்டும் அயர்ந்துவிடும்.

இரவு வேறு, பகல் வேறு என்னும் அறிவு சிசுவுக்குப் பிறவியிலேயே வாய்ப்பதன்று. மூளையின் அடிப்பாகத்தில் கடிகாரம் போன்ற ஒரு சிறு பகுதி உண்டு. கண் வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டு அது நாளின் பொழுதை அறிகிறது. இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் என்னும் சுரப்பு பெருகி உறக்கத்துக்கு உதவும். இவ்வொழுங்கு ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில்தான் சிசுவிடம் நிலைபெறத் தொடங்குகிறது. அதுவரை தாய் இரவில் ஊட்டும் பாலிலேயே அச்சுரப்பு சிறிதளவு இருக்கிறது.

நெசவாளர் இல்லங்கள் கவனிக்கவேண்டியது இங்கேதான். தறியறை பகலில் மங்கலாயிருக்கும். சேலை தரவேண்டிய தவணை நெருங்கினாலோ தறியின்மேல் தொங்கும் விளக்கு நள்ளிரவு வரை எரியும். அவ்வறையிலேயே கிடக்கும் சிசுவுக்குப் பகல் இருளாகவும் இரவு வெளிச்சமாகவும் தோன்றுமாயின், அதன் கடிகாரம் எதைக் கொண்டு திருந்தும்? 6 முதல் 12 வாரம் வரையுள்ள சிசுக்களைப் பற்றி 2004-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இரவில் நன்கு உறங்கிய சிசுக்கள் பிற்பகலின் முற்பகுதியில் அதிக வெளிச்சம் பெற்றிருந்தமை காணப்பட்டது. ஆகையால் பகலில் சிசுவைத் திண்ணையிலோ முற்றத்து நிழலிலோ வைத்திருப்பதும், பொழுது சாய்ந்தபின் விளக்கொளி படாத மூலையில் கிடத்துவதும் செலவில்லாத நல்ல வைத்தியமாகும். இரவில் பால் கொடுக்கும்போது மங்கிய ஒளியே போதும்; பேச்சும் விளையாட்டும் பகலுக்கு உரியவை.

உழைக்கும் தாய்மார் சிசுவை உறங்கவைக்க மருந்தை நாடிய வரலாறு துயரமானது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள், தாம் வரும்வரை சிசு அழாதிருக்க அபினி கலந்த உருண்டைகளைக் கொடுத்துவந்தனர். இந்தியத் தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931-இல் வெளியிட்ட அறிக்கையில் இத்தீய வழக்கம் குறிக்கப்பட்டது. அப்பெண்கள் அன்பில்லாதவர்களல்லர், சிசுவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள். இக்காலத்தும் சளி மருந்தைத் தூக்கத்துக்காகப் புகட்டுவோர் உளர். சாதிக்காயை உரைத்துக் கொடுப்போரும் உளர். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்னும் இரண்டும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாதென 2023 டிசம்பரில் இந்திய அரசாங்கம் விதித்துள்ளது. சாதிக்காயும் அளவு மிஞ்சினால் நஞ்சாகும். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டுவதில்லை. வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்து மாத்திரமே விலக்கு.

உறங்கும் முறையும் முக்கியமானது. சிசுவை மல்லாக்கப் படுக்கவைத்தலே நலம். இவ்வாறு செய்யும்படி அமெரிக்காவில் 1992-இல் வைத்தியர்கள் அறிவுறுத்தி, 1994 முதல் பெரும் பிரசாரமும் நடந்தபின், உறக்கத்திலேயே நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தூளியில் இளஞ்சிசுவின் மோவாய் மார்பில் படிந்து மூச்சுத் தடைப்படக்கூடும். ஆதலால் பெரியவர் கண்ணெதிரே சற்று நேரம் ஆட்டுவதோடு நிறுத்தி, இரவின் நீண்ட உறக்கத்துக்குச் சமமான, கெட்டியான விரிப்பில் கிடத்துதல் வேண்டும். தலையணையும் தளர்ந்த துணிகளும் முகத்தருகே கூடா.

ஏறக்குறைய ஆறாம் வாரத்தில் அழுகை உச்சமடைந்து, பின்னர்த் தணியும். மூன்று நான்கு மாதத்தில் இரவுறக்கம் நீளும். ஒன்பதாம் மாத அளவில் பகலுறக்கம் பெரும்பாலும் இரண்டு வேளையாகக் குறையும். ஆயினும் எல்லாச் சிசுக்களும் ஒரே கணக்கில் வளர்வதில்லை. கனடா தேசத்துச் சிசுக்களைப் பற்றி 2018-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆறாம் மாதத்தில் 100-க்கு 38 சிசுக்களும், ஓராண்டு நிறைவில் 100-க்கு 28 சிசுக்களும் இரவில் தொடர்ந்து 6 மணி நேரம் உறங்கவில்லை. ஆகவே இரவில் விழிக்கும் குழந்தையைக் குறித்துத் தாயின் வளர்ப்பைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆனால் சிசு பால் குடியாமல் சோர்ந்து கிடந்தாலும், எழுப்பியும் விழியாவிட்டாலும், மூச்சு வாங்கினாலும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

தாய் இரவில் விழித்த கணக்கைக் குடும்பத்தார் பகலில் தீர்க்கலாம். பிற்பகலில் ஒரு மணி நேரம் சிசுவைப் பாட்டியோ தந்தையோ வாங்கிக்கொண்டால் அவள் கண்ணயர்வாள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 50-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கு அறை வேண்டுமென விதித்தது. வீட்டுத்தறிக்கு அத்தகைய ஏற்பாடு எட்டவில்லை. அக்குறையை நிரப்புவது கூட்டுறவுக்கு உரிய பணி. கைக்குழந்தையுள்ள அங்கத்தினர் இல்லத்துக்கு முதல் மூன்று மாதம் சேலைத் தவணையைச் சற்றே நீட்டிக் கொடுக்கலாமா என்பதை ஒவ்வொரு சங்கமும் தன் நிர்வாகக் கூட்டத்தில் ஆலோசித்தல் தகும். தவணை நீண்டால் தறி விளக்கு நேரத்தில் அணையும். விளக்கு அணைந்தால் சிசுவும் தாயும் உறங்குவர்.