பணியிடத் தொடர்பும் தெளிவும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பணியிடத் தொடர்பில் தெளிவு என்பது, சொல்வோன் கருத்துப் பிழையின்றிக் கேட்போனை அடைதல் மட்டுமன்று. கேட்போனது மறுமொழி தடையின்றித் திரும்புதலும் அதனுள் அடங்கும். இதனைக் கண்டிப் பிரதேசத் தோட்டங்களைக் கொண்டு விளக்க முயல்வோம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இப்பிரதேசத்ததே. தோட்டங்களுக்கு வந்த ஆங்கிலத் துரைமாருக்கெனத் தமிழ்க் கையேடுகள் அச்சாயின. அவை பெரிதும் கற்பித்தவை ஏவல் வினைகளே. பிரட்டுக்களத்தில் துரையின் கட்டளை கங்காணி வழியாகத் தொழிலாளரை அடைந்தது; அவர்தம் குறை அவ்வழியே மேலேறுதல் அரிதாயிற்று. கட்டளை தெளிவாயிருந்தும் தொடர்பு குறைபட்டே நின்றது.

1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியதும், இவ்விடர் அரச அலுவலகங்களிலும் தமிழரை எதிர்கொண்டது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பகுதிகளிலும் அலுவலருடன் தமிழிலே தொடர்புகொண்டு, தமிழிலேயே மறுமொழி பெறும் உரிமையை அளித்தது.

எனவே, கோரிக்கையை முதலிலும் காரணத்தைப் பின்னரும் ஐயமற எழுதுதல் விண்ணப்பதாரர் கடன். அவர் எழுதிய மொழியிலேயே விடையளித்தல் அலுவலர் கடன். இவ்விரண்டும் கூடியவிடத்தே தொடர்பு முழுமையுறும் என்பது எமது துணிபு.