வண்ணத்தில் ஆடும் கூத்தன்: குற்றாலத்துச் சித்திர சபை

குற்றாலத்தைப் பற்றி எழுதுவோர் அருவியிலிருந்தே தொடங்குவது வழக்கம் எனினும், சம்பந்தர் காலத்திலேயே பாடல் பெற்ற இவ்வூரின் தனிச்சிறப்பு, திருக்குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்று அப்பால் தெப்பக்குளத்தை நோக்கி நிற்கும் சித்திர சபையில்தான் உள்ளது. சிவபெருமான் கூத்தாடிய ஐந்து சபைகளுள் சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு ஆகிய நான்கிலும் நடராசர் சிலை வடிவில் வழிபடப்பெற, குற்றாலத்தில் மட்டும் ஓவியமாகவே வழிபடப்பெறுகிறார்; மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனை நடைபெறுவதும் அவ்வோவியத்தின் முன்புதான்.

இவ்வட்டாரத்து மன்னர்கள் தம் திருப்பணி நிலைக்குமா என்று கவலை கொண்டவர்கள். 15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதனைக் காப்போரைத் தான் பணிவதாகவே கல்லில் பொறித்து வைத்தான். சிதைந்து கிடந்த அக்கோயிலின் இராசகோபுரமும் 1990இல் மீண்டும் எழுந்தது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியும், ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் படியெடுக்கப்பெற்று அச்சேறிப் பிழைத்துக்கொண்டது. கோபுரத்தை மறுபடியும் கட்டலாம், நூலைப் படியெடுக்கலாம். சுவரோவியத்திற்கோ அது தீட்டப்பெற்ற சுவரன்றி வேறு இருப்பிடமில்லை.

சுவரோவியம் என்பது சுண்ணச்சாந்து பூசி மெழுகிய பரப்பின்மேல், மண்ணிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் எடுத்த வண்ணங்களால் தீட்டப்படுவது. சாரல் காலத்தில் சுவர் உறிஞ்சும் ஈரம் உலரும்போது, அதில் கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் படிகமாகி வண்ணத்தைப் பொருக்காக உரித்துவிடுகிறது. விளக்குப் புகை எஞ்சியதைக் கருக்குகிறது. இவற்றினும் கொடியது, மங்கிய உருவத்தின்மேல் செயற்கை வண்ணம் பூசிப் புதுப்பிக்கும் வழக்கமாகும். அப்பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துச் சாந்தை உளுக்கச் செய்வதுடன், பழைய ஓவியனின் கோட்டையும் நிலையாக மறைத்துவிடுகிறது. வழிபாட்டிலுள்ள வடிவம் பொலிவுடன் விளங்க வேண்டும் என்னும் பக்தர்களின் எண்ணம் மதிக்கத்தக்கதே. ஆயினும் தமிழகக் கோயில்கள் பலவற்றில் பழைய ஓவியங்கள் வெள்ளையடிப்பில் மறைந்தது திருப்பணியின் பெயரால்தான்.

ஆகவே, அடுத்த குடமுழுக்கிற்குச் சாரம் கட்டுவதற்கு முன்பே, இச்சபையின் ஒவ்வொரு சுவரையும் நுண்ணிய ஒளிப்படங்களாகப் பதிவு செய்வதும், பழுதுபார்க்கும் பணியைச் சுவரோவியப் பாதுகாப்பில் பயின்றோரிடம் மட்டுமே ஒப்படைப்பதும் இன்றியமையாதன. பராக்கிரம பாண்டியன் பணிந்து வேண்டிய காவல், தென்காசிக் கோபுரத்தைப் போலவே குற்றாலத்துச் சுவருக்கும் உரியதாகும்.