முதுகுக்குச் சுவர், கண்ணுக்குத் தெரு

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் நடைமேடையில் தூணை ஒட்டி ஒரு பெஞ்சு இருக்கிறது. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் எனக்கு லேசாக எரிச்சல் வரும், ஏதோ பட்டா போட்டு வாங்கியதுபோல. ஐந்து ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து, இரண்டு ரயிலைப் போகவிட்டு, மூன்றாவதில் ஏறுவது வழக்கம். கீழே பக்கிங்ஹாம் கால்வாய். அதன் நாற்றத்தைக் கடல் பக்கமிருந்து வரும் காற்று பாதிதான் தள்ளிக்கொண்டு போகும். மின்விசிறி உண்டு, ஆனால் என் தலைக்கு மேலே இல்லை. இத்தனை குறைகளோடும், இந்த வருஷம் நான் படித்த நாவல்களில் பாதியை முடித்தது அங்கேதான்.

இதே நகரத்தில் ஒரு காபிக் கடைக்கும் போனேன். மெத்தென்ற சோபா, மஞ்சள் விளக்கு, அலங்காரத்துக்கு அடுக்கிய ஆங்கிலப் புத்தகங்கள், ஒரு கோப்பை 250 ரூபாய். ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கம் நகரவில்லை. சோபா அறையின் நட்டநடுவில் கிடந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு. யாராவது உள்ளே வரும்போதெல்லாம் பிடரி கூசியது.

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த ஜே ஆப்பிள்டன், இந்தப் பிடரிக் கூச்சத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரு விளக்கத்தை 1975-இல் எழுதினார். நிலக்காட்சிகளில் நமக்கு எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்பது அவருடைய கேள்வி. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸிடமிருந்து ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டார்: தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், தன்னை எவரும் பார்க்கக் கூடாது. காட்டோரத்து மான் வெட்டவெளியில் காலெடுத்து வைக்குமுன் கடைசிப் புதருக்குள் நின்று நோட்டம் விடுகிறதே, அதுதான். பார்வை ஓடுவதற்கு ஒரு வெளி, ஒதுங்கிக்கொள்ள ஒரு மறைவு. இரண்டும் ஒருசேர வாய்த்த இடத்தில் மனம் தணிகிறது என்றார் ஆப்பிள்டன். பின்னாளில் மற்றவர்கள் நடத்திய சோதனைகள் இதை முழுதாக மெய்ப்பிக்கவில்லை. விரிந்த பார்வைக்குக் கிடைத்த ஆதாரம் மறைவுக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும், சாப்பாட்டு நேரம் தொடங்கும்போது ஒரு ஓட்டலுக்குள் போய் எந்த மேசைகள் முதலில் நிரம்புகின்றன என்று பாருங்கள். சுவரோரம்தான். நடு மேசைக்குக் கடைசியில்தான் ஆள் வரும்.

இந்தக் கண்ணோடு ஒரு பழைய வீட்டுத் திண்ணையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பின்னால் சுவர், மேலே தாழ்வாரம், பக்கத்தில் தூண், எதிரே தெரு. சில வீடுகளில் தலை வைத்துக்கொள்ளச் சாய்வாக ஒரு மேடு வேறு. திண்ணை தரையிலிருந்து இரண்டு இரண்டரை அடி உயரம் என்பதால், உட்கார்ந்திருப்பவர் கண்ணும் நடந்து போகிறவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, குனிந்து பேச வேண்டியதில்லை. வெயிலில் இருப்பவருக்கு நிழலில் இருப்பவர் முகம் சட்டென்று தெரியாது, நிழலில் இருப்பவருக்குத் தெரு முழுக்கப் பளிச்சென்று தெரியும். ஆப்பிள்டன் கேட்டது இதைத்தானே!

'முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று யாராவது இதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திண்ணை எல்லாருக்குமான இருக்கையாக இருந்ததில்லை. எவர் ஏறி உட்காரலாம், எவர் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதைச் சாதி வைத்திருந்தது. அந்த வீட்டுப் பெண்களிலும் பலருக்குக் கதவிடுக்கு வழியாகத் தெரிந்த தெருதான் தெரு.

உட்காரும் இடத்தைப் பற்றி யோசித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் எச். வைட். அமெரிக்கப் பத்திரிகையாளர். 1970-களில் நியூயார்க்கில், வானளாவிய கட்டடங்களின் முன்னால் சட்டப்படி விடப்பட்டிருந்த திறந்த முற்றங்களை நோக்கி அவரும் அவருடைய மாணவர்களும் கேமராக்களைத் திருப்பி வைத்தார்கள். சில முற்றங்கள் மதியத்தில் நிரம்பி வழிந்தன. பக்கத்திலேயே சில காற்று வாங்கின. வெயிலா, பரப்பளவா, வடிவமா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். எதுவும் சரியாக ஒட்டவில்லை. கடைசியில் கிடைத்த விடை: உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள். இது உலகை உலுக்கும் கண்டுபிடிப்பு இல்லை என்று வைட் தானே சிரித்துக்கொண்டார். ஆனால் அதுவரை கட்டடக் கலைஞர்கள் அதைக் கணக்கில் எடுத்ததில்லை. ஒரு அடியிலிருந்து மூன்று அடிவரை உயரமுள்ள எந்தத் திட்டிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். 1975-இல் நியூயார்க் தன் விதியை மாற்றி, முற்றத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஒரு அடி நீள இருக்கை கட்டாயம் என்றது.

அவர் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். ஒருவர் நகர்த்தக்கூடிய நாற்காலியிடம் வருகிறார். அதை இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் இழுக்கிறார், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுகிறார், பிறகு ஏறக்குறைய பழைய இடத்திலேயே போட்டு உட்காருகிறார். வெயிலுக்காக அல்ல, பார்வைக்காகவும் அல்ல. இது என் இடம் என்று நாற்காலிக்கும் பக்கத்திலிருப்பவருக்கும் சொல்லிவிட்டு உட்காருவது அது. வெறும் கடற்கரை மணலில்கூட நாம் உட்காருமுன் காலால் நாலு தடவை பரத்திவிடுகிறோமே!

உட்காரவிடாமல் செய்யும் வித்தையையும் வைட் படம் பிடித்தார். திட்டுகளின் மேல் கூரான கம்பிகள். நம்மூர்க் கடைத்தெருக்களில் வாசல் படிமேல் சாய்த்துப் போட்ட இரும்புச் சட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

சுவர் கிடைத்தாயிற்று. பக்கத்து ஆள்? 1966-இல் நான்சி ஃபெலிப்பே, ராபர்ட் சோமர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நடத்திய கொஞ்சம் குறும்பான சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். தனியாகப் படித்துக்கொண்டிருக்கும் மாணவியின் பக்கத்து நாற்காலியில், மற்ற நாற்காலிகளெல்லாம் காலியாக இருக்கும்போதே, ஒரு பெண் வந்து நெருக்கி உட்காருவார். பேச மாட்டார், பார்க்கவும் மாட்டார். அரை மணி நேரத்தில் பத்தில் ஏழு பேர் இடத்தைக் காலி செய்துவிட்டார்கள். போகுமுன் முழங்கையை வேலியாக வைத்தார்கள், நாற்காலியைத் திருப்பினார்கள், புத்தகங்களை மதிலாக அடுக்கினார்கள். நம்மூர் நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மேசையில் விட்டுப்போகும் தண்ணீர் பாட்டிலும் அந்த மதிலில் ஒரு செங்கல்தான்.

சத்தம்தான் இதில் சுவாரசியமான பகுதி. படிக்க மௌனம் வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். 2012-இல் ரவி மேத்தாவும் அவருடன் சேர்ந்தவர்களும் ஆட்களைச் சத்தத்துக்குள் உட்காரவைத்து, கற்பனை தேவைப்படும் புதிர்களைக் கொடுத்தார்கள். அதில் ஒரு வகை இப்படி இருக்கும்: மழை, கண், இள. மூன்றோடும் சேரும் நான்காவது சொல் என்ன? (நீர்.) ஒலிபரப்பிய சத்தம் உணவகப் பேச்சு, சாலைப் போக்குவரத்து, தொலைவில் கட்டட வேலை மூன்றும் கலந்தது. கிட்டத்தட்ட தியாகராய நகர். அமைதியான 50 டெசிபெலைவிட 70 டெசிபெலில் விடைகள் மேலாக வந்தன. 85-க்கு ஏற்றியதும் சரிந்தன. சத்தம் மனத்தைச் சற்றே இடறவிடுகிறது, அந்த இடறலில் நேர்க்கோட்டை விட்டு விலகி யோசிக்கிறோம் என்பது அவர்கள் விளக்கம். நம் நாட்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் வைத்திருக்கும் வரம்பு 65 டெசிபெல் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டெசிபெல் கூட்டல் கணக்கில் ஏறுவது கிடையாது. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. கவிதை வரும் என்று கோயம்பேட்டில் போய் உட்கார்ந்தால் தலைவலிதான் வரும்.

அளவைவிட, அது என்ன சத்தம் என்பது முக்கியம். மன்ஹாட்டனில் 1967-இல் திறந்த பேலி பூங்கா 42 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட ஒரு சந்து. அதன் கடைசிச் சுவரில் 20 அடி உயர நீர்வீழ்ச்சி. அருகில் வைட் அளந்தபோது சுமார் 75 டெசிபெல், வெளித் தெருவைவிட அதிகம். ஆனாலும் வந்தவர்கள் அதை அமைதியான இடம் என்றார்கள். நீரின் ஓசை எல்லாச் சுருதிகளிலும் பரந்து கிடப்பதால் ஹார்னையும் பேச்சையும் மூடிவிடுகிறது. மூளை எட்டிப் பிடிப்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

சொல் காதில் விழுந்தால் கதை வேறு. அதிலும் பாதிச் சொல். பக்கத்து மேசைக்காரர் போனில், "இல்லப்பா... எவ்ளோ?... அதுக்கு அவ என்ன சொன்னா?" என்கிறார். அவ்வளவுதான், உங்கள் பக்கம் போயிற்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியான ஒரு ஆய்வில், இரண்டு பேரின் முழு உரையாடலைக் கேட்டவர்களைவிட ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவர்களின் கவனம் மோசமாகச் சிதறியது. அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பதை மூளையால் நிறுத்த முடிவதில்லை. விடை தெரியாத பாதியை அது தானே எழுதிப் பார்க்கிறது. ஆகவே ஒரே ஒருவர் போன் பேசும் அமைதியான கடையைவிட, இருபது பேர் ஒன்றாகப் பேசும் இரைச்சலான டீக்கடை படிப்பவருக்கு உத்தமம். எழுதுகிறவருக்கு? அந்தப் பாதிப் பேச்சே மூலதனம்.

வேடிக்கை பார்ப்பதற்கும் ஒரு இலக்கணம் உண்டு. தெரியாதவர்கள் எதிரெதிரே வரும்போது ஒரு கணம் பார்த்து, பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டு, உடனே கண்ணை விலக்கிக்கொள்கிறார்கள். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் இதை ஒரு நாகரிகமாகவே விவரித்தார். மனிதக் கண்ணின் வெள்ளை விழி, பார்வை போகும் திசையைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த சுமார் 500 பேரை வைத்து, அந்நியர் ஒருவர் எவ்வளவு நேரம் நேராகப் பார்த்தால் உறுத்தாது என்று அளந்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான விடை, சராசரியாக 3.3 வினாடி. அதுவும் திரையில் ஒரு நடிகரின் முகம். தெருவில் அதற்குள்ளாகவே "என்ன சார்?" வந்துவிடும். புத்தகத்தின் இன்னொரு பயன் இங்கேதான். பக்கம் திருப்பும் சாக்கில் தலையைத் தூக்கலாம். டீக்கடை பெஞ்சில் விரித்த தினசரியின் மேல் விளிம்பு இந்தக் காரியத்துக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும்.

நியூயார்க்கில் வைட் வெயிலைத் தேடினார். சென்னையில் அவர் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். நேர் வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். படிக்க 500 போதும். வெள்ளைத் தாள் வெயிலில் கண்ணைக் குத்தும், சுட்ட தரையும் சுவரும் தம் பங்குக்கு உடம்பின்மேல் வெப்பத்தை வீசும். தூங்குமூஞ்சி மரத்தடி இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்கும். நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறி, மேலெழும் காற்றின் இடத்தைப் பிடிக்கக் கடற்காற்று உள்ளே வருவது பெரும்பாலும் பிற்பகலில். மே மாதத்தில் மேற்குக் காற்று அதைத் தடுத்துவிட்டால் எந்தப் பெஞ்சும் பெஞ்சாக இருக்காது. அந்த நாட்களுக்கு எழும்பூர் கன்னிமாரா (1896-இல் திறந்தது), கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் (2010). மெரினாவைப் பரிந்துரைக்க மாட்டேன். முதுகுக்கு ஒன்றுமில்லை, பக்கத்தைக் காற்றே திருப்பிவிடும், சுண்டல் விற்கும் பையன் காஃப்மனைப் படித்ததில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு ஆணின் பட்டியல் என்று என் மனைவி இதைப் படித்துவிட்டுச் சொன்னாள். நியாயம்தான். நல்ல முற்றங்களில் பெண்களின் விகிதம் கூடுதலாக இருப்பதை வைட் கவனித்தார். இடத்தைப் பெண்கள் அதிகக் கவனத்தோடு தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதினார். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட நூல் அதை இன்னும் கூர்மையாக்குகிறது: பொது இடத்தில் ஒரு பெண் சும்மா இருக்க முடியாது, ஒரு காரணத்தோடு இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பை, போன், காத்திருக்கும் முகபாவம். டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் பெண்ணை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களே மிச்சம்.

போன வாரம் திருமயிலையில் என் பெஞ்சு காலியாக இல்லை. குரூப் 2 வழிகாட்டி நூலோடு ஒரு பெண், தூணில் சாய்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்து, அதன்மேல் தண்ணீர் பாட்டிலையும் வைத்திருந்தார். ரயில் வந்தது. தலையைத் தூக்கி, இறங்கிய கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ரயில் போனது, அவர் ஏறவில்லை, பென்சிலால் எதையோ அடிக்கோடிட்டார். நான் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதி வெயில், முதுகுக்குப் பின்னால் படிக்கட்டு.