காட்டிலும் ஏரிக்கரையிலும் கூடார வாசம்

‘முகாம்’ என்னும் சொல் நம் அலுவலகக் கோப்புகளில் அன்றாடம் புழங்குவது. மேலதிகாரி எங்கே என்று வினவினால், ‘முகாமில் இருக்கிறார்’ என்று விடை வரும். ஒரு காலத்தில் அம்முகாமுக்கு மெய்யாகவே கூடாரம் இருந்தது. கலெக்டர் ஜமாபந்திக்குப் புறப்பட்டால் கூடாரமும் கட்டிலும் பாத்திரங்களும் வண்டிகளில் ஏறி முன்னே செல்லும். இன்று ஜீப்பில் சென்று மாலைக்குள் திரும்பிவிடுகிறோம். கூடாரம் போய்ச் சொல் மட்டும் தங்கிவிட்டது.

இங்கே கூற முற்படுவது வேறொரு வகை முகாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உத்தியோக நிமித்தமாக அன்றி, ஓய்வுக்காகவே மக்கள் குடும்பத்துடன் காட்டிற்கும் ஏரிக்கரைக்கும் சென்று, துணிக்கூடாரம் அடித்துச் சில நாள் தங்கி வருவது நெடுநாளைய வழக்கம். இதனால் நமக்கு ஆகவேண்டியது என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் நிரந்தரத் துப்புரவுப் பணியாளரும் இல்லாத ஒரு பொது நிலத்தில், ஆண்டுதோறும் திரளான மக்கள் வந்து தங்கிச் செல்லும்போது அதன் நீரும் மண்ணும் கெடாமல் காப்பது எப்படி என்பதே அங்கு எழுந்த பிரச்சினை. ஊராட்சிப் பணியில் இருப்பவர் எவருக்கும் அது அந்நியமான பிரச்சினை அன்று.

அந்நாட்டு வனப் பணித்துறை 1905-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. இன்று 154 தேசியக் காடுகள் அதன் நிர்வாகத்தில் உள்ளன. புல்வெளிகளையும் சேர்த்து அவற்றின் பரப்பு சுமார் 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். அதாவது நம் மாநிலத்தின் பரப்பைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. இக்காடுகளில் மரம் வெட்டுவதும் மாடு மேய்ப்பதும் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு நடைபெறுகின்றன. அவற்றோடு சேர்த்து, மக்கள் வந்து தங்குவதும் அந்நிலத்தின் முறையான பயன்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

தங்குமிடங்கள் பலதரப்பட்டவை. குளியலறையும் மின் இணைப்பும் கொண்டவை ஒரு கோடியில் உள்ளன. மறு கோடியில், எவ்வித அமைப்பும் இன்றிக் காட்டினுள் தாமே இடம் தேர்ந்து தங்கும் முறை உண்டு. பெரும்பாலும் இதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் ஓர் இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் தங்கலாகாது என்னும் வரம்பு பொதுவாக உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவையே ‘ஆதிகால முறை’ என்ற பொருளில் அந்நாட்டார் பெயரிட்டழைக்கும் எளிய முகாம் திடல்கள். ஒரு மண் பாதை, மரமேசை, தீ மூட்ட இரும்பு வளையம், பொதுக் கழிப்பறை ஆகியவற்றோடு அமைப்பு முடிந்துவிடும். பல திடல்களில் குடிநீர்கூட இராது. கட்டணம் வசூலிக்கவும் ஆள் இல்லை. நுழைவாயிலில் பதித்துள்ள கனத்த இரும்புக் குழாயின் துவாரத்தில், உறையில் பணத்தை இட்டு, தன் பெயரையும் எழுதிப் போட்டுவிட வேண்டியதுதான். அக்குழாய்க்கு ‘இரும்புக் காவலர்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுவரி வசூலை நினைத்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

இத்திடல்களின் அமைப்புக்குப் பின்னால் ஓர் அறிஞரின் கூர்ந்த நோக்கு இருக்கிறது. மோட்டார் வண்டிகள் பெருகிய 1920-களில் மக்கள் தம் விருப்பம்போல் காட்டினுள் வண்டியை ஓட்டி, எந்த மரத்தடியிலும் நிறுத்தித் தங்கலாயினர். தாவர நோயியல் வல்லுநரான இ. பி. மைனெக்கி என்பார் கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளை ஆராய்ந்து, கோடரி படாத மரங்களும் அங்கே நலிந்துவருவதைக் கண்டார். காரணம் யாதெனில், சக்கரங்களும் மனிதக் கால்களும் ஓயாது மிதித்து மண்ணை இறுக்கிவிடுகின்றன. இறுகிய மண்ணில் காற்றும் நீரும் புகுவதில்லை. மேற்பரப்பில் பரவியுள்ள மெல்லிய வேர்கள் மடிகின்றன. மரம் உடனே சாவதில்லை; பல ஆண்டுகள் கழித்தே பட்டுப்போகும். ஆகையால் பழி யார்மீதும் விழுவதில்லை. நிழல் குறைந்ததும் மக்கள் அடுத்த இடத்திற்குப் பெயர்வார்கள். அங்கும் இதே கதை.

1932-இல் மைனெக்கி வகுத்த கொள்கை மிக எளியது. மக்களைத் தடுக்க வேண்டாம். வண்டியைக் கட்டுப்படுத்தினால் போதும். வட்டமாகச் சுற்றிவரும் ஒருவழிப் பாதை, அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு நிறுத்தங்கள், அவற்றின் எல்லையில் வண்டி தாண்ட இயலாத பாறைகள், மேசையும் அடுப்பும் நகர்த்த முடியாதபடி பதித்தல். இவை அமைந்துவிட்டால் மனிதக் கால்களும் ஒரே தடத்தில் நடக்கும். மற்ற மண் பிழைக்கும். அறிவிப்புப் பலகை எழுதுவதைவிடப் பாறை வைப்பது மேல் என்ற உண்மையை எங்கள் வட்டாரத்து ஊருணிக் கரைகளில் நானும் கண்டிருக்கிறேன். 1933 முதல் 1942 வரை, வேலையற்றிருந்த முப்பது லட்சம் இளைஞர் அளவில் பணியாற்றிய பொதுநலப் பாதுகாப்புப் படை, இம்முறையைத் தழுவி நாடெங்கும் திடல்களை அமைத்தது. அவர்கள் கல்லால் கட்டிய அடுப்புகளும் மண்டபங்களும் பலவிடங்களில் இன்றும் பயன்பட்டு வருகின்றன.

கழிப்பறையைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். நீர் ஊற்றும் வசதி இல்லாத திடல்களில், அடியில் கசிவற்ற கான்கிரீட் தொட்டியின்மேல் கழிப்பறை எழுப்புகிறார்கள். தொட்டி நிறைந்ததும் லாரி வந்து உறிஞ்சிச் செல்லும்; மண்ணுக்குள் எதுவும் இறங்குவதில்லை. நாற்றம் எழாமலிருக்க வனத்துறைப் பொறியாளர்கள் கையாண்ட உபாயம் நுட்பமானது. தொட்டியிலிருந்து கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் அகன்ற குழாய்க்குக் கறுப்பு வண்ணம் பூசி, வெயில் படும் திசையில் நிறுத்துகிறார்கள். குழாய் சூடேறியதும் உள்ளிருக்கும் காற்று மேலெழும். மேலே வீசும் காற்றும் அதை இழுக்கும். அதனால் அறையிலுள்ள காற்று இருக்கையின் வழியே கீழ்நோக்கிச் செல்லுமேயன்றி, தொட்டியின் காற்று மேல்நோக்கி வராது. குழாயின் உயரமும் திசையும் அறையின் காற்றுத் துவாரங்களும் பொருந்தியிருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். மரநிழலில் கட்டினால் பயன் குன்றும்.

கழிப்பறையே இல்லாத இடங்களுக்கு விதி வேறு. ஏரி, ஓடை, பாதை, கூடாரம் இவற்றிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளிச் சென்று, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் சிறுகுழி தோண்டிப் பின்னர் மூடிவிட வேண்டும். ஆழமாகத் தோண்டுவது நல்லதென்று நாம் எண்ணுவோம். மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேல் மண்ணிலேதான் மிகுதி என்பதால் ஆழம் குறைவாக இருப்பதே முறை. பாத்திரம் கழுவுவதற்கும் குளிப்பதற்கும் அதே 200 அடி.

இந்த 200 அடியைப் படித்தபோது என் மனம் பின்னோக்கிச் சென்றது. கல்லூரியில் பயின்ற நாட்களில் பத்து நாள் நலப்பணி முகாமுக்காக ஒரு சிற்றூருக்குச் சென்றோம். ஏரிக்கரையை ஒட்டிய தென்னந்தோப்பில் இருப்பிடம். கழிப்பிடக் குழி வெட்டும் பொறுப்பு என்னிடமும் நண்பர் மூவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. மண் இளகியிருந்த இடத்தைப் பார்த்து வெட்டினோம். அது தோப்புக் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம். இடைவெளி முப்பது அடிகூட இராது. நான்காம் இரவு பெருமழை பெய்தது. ஆறாம் நாள் மாணவர் பதினொருவருக்கு வாந்திபேதி கண்டது. அதே கிணற்று நீரைத்தான் தோப்புக்காரர் குடும்பமும் குடித்தது. அவருடைய இளைய மகள், ஐந்து வயதிருக்கும், மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தாள். “தம்பி, நீங்க வந்த வேலையைப் பாத்துட்டுப் போங்க, குழி மட்டும் வேணாம்” என்று அவர் கூறியதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அவ்வூருக்கு நாங்கள் இட்ட சாலை அதற்கடுத்த மழையிலேயே கரைந்துபோயிற்று என்று பின்னர் கேள்வியுற்றேன்.

குடிநீரைப் பொறுத்தவரை, காட்டு ஓடை எவ்வளவு தெளிந்திருப்பினும் நம்பலாகாது என்பதே அங்குள்ள போதனை. ஜியார்டியா என்னும் நுண்ணுயிர் மனிதராலும் விலங்குகளாலும் நீரில் கலந்து நீடித்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம், 6,500 அடிக்கு மேற்பட்ட மலைகளில் மூன்று நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் இவ்வேறுபாடு.

நெருப்பே எல்லாவற்றிலும் பெரிய அபாயம். அடுப்பை விட்டுப் புறப்படுமுன் நீரூற்றி, கிளறி, மீண்டும் நீரூற்றி, புறங்கையால் சூடு பார்க்க வேண்டும். தொடச் சுடுமானால் விட்டுச் செல்லவும் சுடும் என்று கொள்ள வேண்டும். மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட எல்லைநீர்க் காட்டில் 2007 மே மாதம் மூண்ட ஹாம் ஏரித் தீ, ஒரு முகாம் அடுப்பிலிருந்தே பரவியது என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. இரு நாடுகளிலுமாக சுமார் 75,000 ஏக்கர் எரிந்தது. வீடுகளும் கட்டடங்களும் பல சாம்பலாயின. அக்காட்டில் தோணியில் மட்டுமே செல்ல இயலும் பகுதிகள் ஏராளம். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. தகர டப்பாக்களிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் உணவோ பானமோ கொண்டு செல்லலாகாது. கொண்டு சென்ற குப்பையை எல்லாம் திரும்ப எடுத்துவர வேண்டும். அள்ளுவதற்கு அங்கே எவரும் வரமாட்டார்.

விறகைப் பற்றியும் ஒரு விதி உண்டு. உழவர்கள் இதை உடனே உணர்வர். வீட்டிலிருந்து விறகு கொண்டுவராதீர், தங்குமிடத்திற்கு அருகே வாங்கி அங்கேயே எரியுங்கள் என்கிறார்கள். 2002-இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட பச்சை நிற வண்டு ஒன்று, ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் புழுவாக இருந்து குடைந்து, கோடிக்கணக்கான மரங்களை அழித்துவிட்டது. அது தானாகப் பறந்து செல்லும் தூரம் சொற்பமே. முகாமுக்குச் செல்வோரின் வண்டியில் விறகோடு விறகாக ஏறித்தான் அது மாநிலம் விட்டு மாநிலம் தாண்டியது.

இத்தகைய இடங்களுள் வளர்ச்சிப் பணியாளர் தனியே கவனிக்கத்தக்கது, கென்டக்கி, டென்னசி ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ள ‘ஏரிகளுக்கு இடைப்பட்ட நிலம்’ என்ற பொழுதிடம். டென்னசி ஆறும் கம்பர்லாந்து ஆறும் அங்கே ஒன்றுக்கொன்று இணையாக வடக்கு நோக்கி ஓடுகின்றன. 1933-இல் அமைந்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-இல் அதனை முன்மாதிரியாகக் கொண்டே எழுந்தது. அவ்வாணையம் முதல் ஆற்றில் கட்டிய கென்டக்கி அணை 1944-இல் முடிந்தது. இரண்டாம் ஆற்றில், இராணுவப் பொறியாளர் படை கட்டிய பார்க்லி அணை 1966-இல் முடிந்தது. இரு நீர்த்தேக்கங்களுக்கும் நடுவே எஞ்சிய சுமார் 1,70,000 ஏக்கர் நிலத்தை 1963-இல் ஜனாதிபதி கென்னடியின் அரசு தேசியப் பொழுதிடமாக அறிவித்தது. இன்று அங்கே கரையோரமாக எளிய முகாம் திடல்கள் பல உள்ளன. அனுமதிச் சீட்டு பெற்றோர் காட்டினுள்ளும் கரையிலும் தாமே இடம் தேர்ந்து கூடாரம் அடிக்கலாம். தோணி செலுத்தலாம், மீன் பிடிக்கலாம்.

ஆனால் அது ஆளற்ற காடாக இருந்த நிலம் அன்று. தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த பல நூறு குடும்பங்கள் அங்கே இருந்தன. பள்ளிகளும் தேவாலயங்களும் கடைகளும் இருந்தன. அணைக்காக ஏற்கெனவே ஆற்றோர வயல்களை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. மேட்டு நிலத்தில் எஞ்சியவர்களை, நீர் சூழப்போகிறது என்பதற்காக அன்றி, பிறர் வந்து ஓய்வெடுப்பதற்காக வெளியேற்றினார்கள். பலர் வழக்காடினர், பயன் இல்லை. வீடுகள் இடிக்கப்பட்டன. கோல்டன் பாண்ட் என்னும் சிற்றூர் இருந்த இடத்தில் இன்று பார்வையாளர் நிலையம் இருக்கிறது. 1850-களின் உழவர் வாழ்வைக் காட்டும் மாதிரிப் பண்ணை ஒன்றும் அந்நிலத்தில் நடத்தப்படுகிறது. அக்கால உடையுடுத்திய பணியாளர் ஏர் உழுது காட்டுகிறார்கள். அணைக்கும் சாலைக்கும் நிலம் எடுத்ததை மக்கள் காலப்போக்கில் பொறுத்துக்கொள்ளக்கூடும். ஓய்வுக்காக எடுத்ததைப் பொறுப்பது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1990-களில் அங்கே வணிக முறையிலான கேளிக்கை வசதிகளைப் பெருக்கும் யோசனை எழுந்தபோது, வெளியேறிய குடும்பத்தினரே முன்னின்று எதிர்த்தனர். வாணிபத்திற்கு அன்று, காடாகவே விடுவதற்கென்று சொல்லித்தான் எங்கள் நிலத்தை எடுத்தீர்கள் என்பது அவர்கள் வாதம். 1998-இல் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டத்தின் வழியே நிர்வாகம் 1999-இல் வனப் பணித்துறைக்கு மாறியது. அந்நிலத்தில் சுமார் 270 இடுகாடுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்குச் செல்லவும், பராமரிக்கவும், இறந்தோரை அடக்கம் செய்யவும் வழிவிட வேண்டும் என்று அச்சட்டமே விதிக்கிறது. கோடைத் தொடக்கத்தில், கூடாரங்களோடு வண்டிகள் வந்து சேரும் அதே பருவத்தில், பழைய குடும்பத்தாரின் பேரப்பிள்ளைகள் புல் செதுக்கும் கருவிகளோடும் மலர்களோடும் அம்மண் பாதைகளில் தங்கள் இடுகாடுகளைத் தேடிச் செல்கிறார்கள்.